பிறர் தொடங்கியதை முடிப்பவர்

நுழையும்முன்

கலைப்பொருள் ஒன்றைக் கண்டதும் அதைப் படைத்தவர் யார் என்றே கேட்கிறோம். அதை நிறைவு செய்து பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்பதில்லை. அமெரிக்காவில், பிறர் தொடங்கிய ஒட்டுப்போர்வைகளைப் பொறியின் துணையால் தைத்து முடித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்கள் பலர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரின் வாழ்வையும் அவர் கைக்கு வந்த ஒரு பழைய போர்வையின் கதையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அஞ்சலில் வந்த பூந்தோட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவே, சோள வயல்களும் புல்வெளிகளும் பரந்து கிடக்கும் சமவெளி மாநிலம் நெப்ராஸ்கா. சனவரியில் அவ்வயல்கள் பனிமூடி வெளுத்துக் கிடக்கும். அத்தகைய ஒரு காலையில், சிற்றூர் ஒன்றிலுள்ள வீட்டின் வாயிலில் அஞ்சல் ஊழியர் ஒரு பெட்டியை வைத்துவிட்டுச் சென்றார். அறுபது வயதைக் கடந்த அவ்வீட்டுப் பெண்மணி பெட்டியை உள்ளே எடுத்துச்சென்று, கைகளைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பிரித்தார். பிறருடைய துணியைத் தொடுமுன் கை கழுவுவது அவருடைய தொழில் ஒழுக்கம்.

உள்ளே மெல்லிய தாளில் சுற்றப்பட்ட பருத்தித் துணி ஒன்று இருந்தது. விரித்தபோது அறையே வண்ணமயமாயிற்று. கட்டைவிரல் நீளமுள்ள அறுகோணத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று கையால் இணைக்கப்பட்டிருந்தன. நடுவே மஞ்சள் நிறத் துண்டு ஒன்று; அதைச் சுற்றி ஒரே நிறத்தில் ஆறு; அவற்றைச் சுற்றிப் பன்னிரண்டு. பத்தொன்பது துண்டுகள் சேர்ந்தால் ஒரு பூ. அத்தகைய பூக்கள் வரிசை வரிசையாக மலர்ந்திருந்தன. 'பாட்டியின் பூந்தோட்டம்' என்று அமெரிக்கப் பெண்கள் வழங்கும் புகழ்பெற்ற வடிவம் அது.

துணியுடன் ஒரு கடிதமும் இருந்தது. "என் அம்மா சென்ற ஆண்டு காலமானார். அவருடைய மரப்பெட்டியின் அடியில் இது கிடைத்தது. இதை அவர் இத்தனை ஆண்டுகள் வைத்திருந்தார் என்பதே எனக்குத் தெரியாது. எனக்குத் தைக்க வராது. இதை ஒரு போர்வையாக்கித் தருவீர்களா?" என்று நடுங்கிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

மேசைமேல் துணியை விரித்து, விளக்கைத் தாழ்த்தி, ஓரம் ஓரமாக அவர் ஆராய்ந்தார். தையல்கள் நுண்மையாகவும் சீராகவும் இருந்தன. ஆனால், வலப்பக்க மூலைக்கு அருகில் ஒரு பூ மட்டும் கோணலாக இருந்தது. அதன் தையல்கள் நெல்மணி அளவுக்கு நீண்டிருந்தன. இதழ்கள் பொருந்தாமல் ஒருபுறம் துணி சுருங்கி நின்றது. மஞ்சள் இருக்க வேண்டிய நடுவிடத்தில் பழுப்பு நிறத் துண்டு ஒன்று இருந்தது. கண் பழகிய எவருக்கும் அது முதலில் தென்படும் குறை.

மூன்று அடுக்குகள்

அவர் செய்யவிருந்த பணியை அறிய, ஒட்டுப்போர்வையின் அமைப்பை அறிதல் வேண்டும். 'குவில்ட்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் இப்போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே, துண்டுத் துணிகளை இணைத்து அழகுறத் தைத்த மேல்துணி, நடுவே, வெப்பத்தைக் காக்கும் பஞ்சு விரிப்பு, கீழே, அடித்துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல்களே அவற்றை ஒன்றாக்குகின்றன. அத்தையல்கள் இல்லையெனில், துவைக்கும்போது பஞ்சு ஒரு மூலையில் திரண்டுவிடும். எனவே, மேல்துணியில் தெரியும் வளைவுகளும் இலைகளும் இறகுகளும் வெறும் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. போர்வையின் ஆயுளே அவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

பழந்துணிக்கு மறுவாழ்வு தரும் இவ்வழக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வங்கத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் இட்டுக் 'காந்தா' செய்கின்றனர். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க மரபினரான சித்தி மக்கள், பழைய ஆடைத் துண்டுகளை ஓரத்திலிருந்து நடு நோக்கி ஒட்டித் தைத்துக் 'கவந்தி' என்னும் போர்வை செய்கின்றனர். பிறந்த குழந்தைக்குப் பழைய நூல்சேலையை மடித்துத் தைத்துப் படுக்கை விரிக்கும் வழக்கம் தமிழர் வீடுகளிலும் உண்டு. புதுத்துணியைவிடப் பலமுறை துவைத்த துணியே மென்மையானது என்பதைப் பெண்கள் எங்கும் அறிந்திருந்தனர்.

அமெரிக்காவில் இக்கலை வறுமையோடும் குளிரோடும் பின்னிப் பிணைந்து வளர்ந்தது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், மாவும் கால்நடைத் தீவனமும் பருத்திச் சாக்குகளில் விற்கப்பட்டன. அச்சாக்குகளைத் துவைத்துப் பெண்கள் ஆடை தைப்பதைக் கண்ட ஆலைகள், அவற்றில் பூக்களையும் கோடுகளையும் அச்சிடத் தொடங்கின. மாவு தீர்ந்தபின் சாக்கு சட்டையாயிற்று. சட்டை வெட்டியதில் எஞ்சிய துண்டுகள் போர்வையாயின. மேல்துணி ஆயத்தமானதும் அண்டை வீட்டுப் பெண்கள் கூடி, மரச்சட்டத்தில் அதை இழுத்துக் கட்டி, சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டே தைத்து முடிப்பது வழக்கம். இணைப்பது ஒருவர் வேலையாகவும் முடிப்பது ஊர் வேலையாகவும் இருந்தன.

ஐந்து டாலரும் ஒரு தாயும்

இக்கலையின் வரலாற்றைப் பேசுவோர் மறவாமல் குறிப்பிடும் பெயர் ஹேரியட் பவர்ஸ். ஜார்ஜியா மாநிலத்தில் 1837-ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்த அவர், விடுதலைக்குப் பின் கணவரோடு சிறு நிலத்தில் உழைத்து வாழ்ந்தார். விவிலியக் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டி அவர் செய்த போர்வை, 1886-இல் ஏதென்சு நகரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் இடம்பெற்றது. அதைக் கண்ட ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியர் விலைக்குக் கேட்டார். ஹேரியட் தர மறுத்தார். சில ஆண்டுகளில் குடும்பத்தை வறுமை வாட்டியது. அவர் தாமே முன்வந்து பத்து டாலருக்கு விற்க இசைந்தார்; கிடைத்தது ஐந்து டாலர். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் அவர் விளக்க, ஸ்மித் அதை எழுதி வைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைப் பார்க்கச் செல்லும் தாயைப் போல, தம் போர்வையைப் பார்ப்பதற்காக ஹேரியட் பலமுறை அவ்வீட்டுக்குச் சென்றார். அவர் செய்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திலும் மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன.

நெப்ராஸ்காப் பெண்மணி இக்கதையைத் தம் வாடிக்கையாளர்களுக்கு அவ்வப்போது சொல்வதுண்டு. துணியை அஞ்சலில் அனுப்பிவிட்டு, "வந்து சேர்ந்ததா? பத்திரமாக இருக்கிறதா?" என்று மறுநாளே தொலைபேசியில் கேட்பவர்கள்மீது அவர் எரிச்சல் கொள்வதில்லை. அவர்கள் எதைப் பிரிந்திருக்கிறார்கள் என்பதை அவர் அறிவார்.

தெரிந்து தெளிவோம்

நெப்ராஸ்கா மாநிலத் தலைநகரான லிங்கனில், அங்குள்ள பல்கலைக்கழகத்தின் அங்கமாகப் பன்னாட்டு ஒட்டுப்போர்வை அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் இணையர் 1997-இல் வழங்கிய ஏறத்தாழ 950 போர்வைகளே அதன் தொடக்கம். பல நாடுகளின் போர்வைகள் அங்குப் பேணிக் காக்கப்படுகின்றன.

நீள்கைப் பொறி

அவருடைய வீட்டின் நிலவறை முழுவதையும் ஒரே ஒரு பொறி அடைத்துக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு அடி நீளமுள்ள இரும்புச் சட்டம். அதன் இருபுறமும் உருளைகள். நடுவே தண்டவாளம் போன்ற தடத்தில் சக்கரங்கள்மீது நிற்கும் தையல் பொறி. வீட்டுத் தையல் பொறியில் ஊசிக்கும் அடித்தூணுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இருப்பதில்லை. கட்டிலளவுப் போர்வையை அதற்குள் சுருட்டித் திணித்துத் தைப்பது பெரும்பாடு. இப்பொறியிலோ அவ்விடைவெளி இரண்டு அடிக்கு நீள்கிறது. அதனால்தான் இதற்கு 'நீள்கைப் பொறி' என்று பெயர். தொழிற்சாலைகளில் மட்டுமே இருந்த இத்தகைய பொறி, 1980-களில் வீட்டிலிருந்து தொழில் செய்வோருக்கு ஏற்ற வடிவத்தில் பரவத் தொடங்கியது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. வழக்கமான தையலில் பொறி அசையாமல் நிற்கத் துணி நகரும். இங்கோ துணி அசையாமல் கிடக்கப் பொறி நகர்கிறது. காகிதத்தின்மேல் எழுதுகோலை ஓட்டுவது போலத் துணியின்மேல் ஊசியை ஓட்டலாம். இரு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு, நின்றபடியே, தோளும் இடுப்பும் சேர்ந்து அசைய அவர் தைப்பதைப் பார்த்தால், நெல் தூற்றுபவரின் உடலசைவு நினைவுக்கு வரும்.

வேலை தொடங்குவதற்கு முன்பான ஏற்பாடுகளே அரைநாள் எடுக்கும். அடித்துணி, மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருத்தல் வேண்டும். அதை உருளைகளில் குண்டூசியால் பொருத்தி இழுத்துக் கட்டுவார். அதன்மேல் பஞ்சு விரிப்பு, அதன்மேல் மேல்துணி. இழுவை மிகுந்தால் போர்வை கழற்றியபின் சுருங்கும். குறைந்தால் அடியில் மடிப்பு விழும். பிறகு நூலின் இறுக்கத்தைச் சரிபார்க்க ஓரத்தில் சோதனைத் தையல் இடுவார். மேல்நூலும் பாபின் நூலும் நடுப்பஞ்சுக்குள் சந்திக்க வேண்டும். மேலே பார்த்தால் மட்டும் போதாது. சட்டத்துக்கடியில் கைவிளக்கோடு குனிந்து, அடிப்புறத்தையும் பார்த்தாக வேண்டும்.

போர்வை முழுவதும் ஒரே வடிவம் வேண்டுவோருக்கு வேலை எளிது. வடிவம் வரைந்த நீண்ட தாளைப் பொறியின் பின்புறம் விரித்து, பொறியிலிருந்து விழும் சிவப்பு ஒளிப்புள்ளியை அக்கோட்டின்மீது நகர்த்திச் சென்றால், முன்புறம் ஊசி அதே வடிவத்தைத் துணியில் தைக்கும். பொறி நகரும் வேகத்தை உணர்ந்து தையலின் நீளத்தைச் சமமாக வைக்கும் கருவியும் இப்போது உண்டு. கணினியே வழிநடத்தித் தைக்கும் பொறிகளும் வந்துவிட்டன. ஆயினும், எந்தத் துணிக்கு எந்த வடிவம் பொருந்தும், எங்கே நெருக்கமாகத் தைக்க வேண்டும், எங்கே விட்டுப்பிடிக்க வேண்டும் என்பதைக் கண்ணும் கையுமே முடிவு செய்கின்றன.

பிழையும் பிரித்தலும்

அவர் இத்தொழிலுக்கு வந்தது ஐம்பது வயதை நெருங்கியபோது. வேலை பார்த்த அலுவலகம் மூடப்பட்டது. வேளாண் வருவாய் மட்டும் குடும்பத்துக்குப் போதவில்லை. ஒரு புதிய மகிழுந்தின் விலையுள்ள பொறியை வங்கிக் கடனில் வாங்கினார். உறவினர் சிலர் சிரித்தனர். முதல் ஆறு மாதங்கள் பழைய படுக்கை விரிப்புகளில் தைத்துப் பழகினார். பிறகே பிறருடைய துணியைத் தொட்டார்.

முதல் வாடிக்கையாளரின் போர்வையை முடித்துச் சட்டத்திலிருந்து கழற்றித் திருப்பியபோது அவர் நெஞ்சு அதிர்ந்தது. அடித்துணியின் ஒரு மூலை மடங்கி, போர்வையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஒரு முழ அகலத்துக்கு நெருக்கமான தையல்கள். தைக்க அரைமணி நேரம் எடுத்ததைப் பிரிக்க இரண்டு நாள்கள் ஆயின. துணி கிழியாமல், ஒவ்வொரு தையலாக, சிறு கவைமுனைக் கருவியால் அறுத்து எடுத்தார். மீண்டும் தைத்து முடித்தபின் பிழை இருந்த சுவடே தெரியவில்லை. ஆயினும், போர்வையை ஒப்படைக்கும்போது நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்த வேலைக்கான கூலியையும் குறைத்துக்கொண்டார். அந்த வாடிக்கையாளர் இன்றளவும் அவரிடமே துணிகளைக் கொடுத்து வருகிறார்.

கூலியைச் சதுர அங்குலக் கணக்கில் வாங்குவது இத்தொழிலின் வழக்கம். 90 அங்குல அகலமும் 100 அங்குல நீளமும் உள்ள போர்வையின் பரப்பு 9,000 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு இரண்டு சென்ட் என்றால் 180 டாலர். அதில் நூலுக்கும் ஊசிக்கும் மின்சாரத்துக்கும் கடன் தவணைக்கும் போக எஞ்சுவதே அவருடைய உழைப்பின் ஊதியம். நாள் முழுவதும் நிற்பதால் முழங்கால் வலிக்கும். மாலையில் தோள் கனக்கும். ஆனாலும், ஆண்டுக்குச் சில போர்வைகளை அவர் கூலியின்றி முடித்துக் கொடுக்கிறார். போரில் பணியாற்றியவர்களுக்கு ஒட்டுப்போர்வை வழங்கும் இயக்கம் ஒன்று 2003-இல், மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய தாய் ஒருவரால் தொடங்கப்பட்டது. அதற்கென ஊர்தோறும் பெண்கள் மேல்துணிகளைத் தைக்க, நீள்கைப் பொறி வைத்திருப்போர் அவற்றை முடித்துத் தருகின்றனர். தைப்பவரும் முடிப்பவரும் போர்த்திக்கொள்பவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இருக்காது.

யாருடைய படைப்பு?

பிறர் தைத்ததை முடிப்பவர் கலைஞரா, கூலியாளா என்னும் கேள்வி இத்தொழிலோடு கூடவே பிறந்தது. கையால் தைத்ததே உண்மையான ஒட்டுப்போர்வை. பொறியால் தைத்தது போலி என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. கெண்டக்கி மாநிலத்தின் படூகா நகரில் நடைபெறும் புகழ்பெற்ற போட்டியில், 1989-ஆம் ஆண்டு கேரல் பிரையர் ஃபாலர்ட் என்பவர் பொறியால் தைத்த போர்வை முதற்பரிசு பெற்றது. பொறித்தையலுக்கு அப்பெரும்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. அம்முடிவை எதிர்த்தோர் பலர், வரவேற்றோரும் பலர். காலப்போக்கில் சினம் தணிந்தது. இன்று கண்காட்சிகளில் மேல்துணியைத் தைத்தவர் பெயரோடு, அதை முடித்தவர் பெயரையும் குறிப்பிடும் வழக்கம் பரவியுள்ளது.

சீர்மையே அழகு என்ற எண்ணத்தையும் காலம் அசைத்துப் பார்த்தது. அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்றுபுறமும் சூழ்ந்த ஒதுக்குப்புறமான ஊர் ஜீஸ் பெண்ட். அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்களான அவ்வூர்ப் பெண்கள், வயல்வேலைக்கு அணிந்து தேய்ந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்துப் போர்வைகள் தைத்தனர். அவற்றின் கோடுகள் நேராக இல்லை. கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. குளிர் தாங்கத் தைத்த அப்போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க்கிலும் காட்சிக்கு வைக்கப்பட்டபோது கலையுலகம் வியந்து நின்றது. 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது.

இவையெல்லாம் நெப்ராஸ்காப் பெண்மணிக்குத் தெரியும். எனினும், கோணலான அந்தப் பூவைப் பார்த்தபோது அவருடைய விரல்கள் தாமாகவே கவைமுனைக் கருவியைத் தேடின. பல ஆண்டுப் பழக்கம் அது. சுருங்கிய இடத்தைப் பிரித்து நேராக்கி, நடுவில் மஞ்சள் துண்டு ஒன்றை வைத்துவிட்டால் தோட்டம் குறையின்றி விளங்கும். 1930-களின் அச்சுத்துணித் துண்டுகள் அவருடைய பெட்டியில் இருந்தன. மகளுக்கு வேறுபாடே தெரியாது. தெரிந்தாலும் மகிழவே செய்வார். இவ்வாறு எண்ணி ஒரு தையலை அறுத்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவது தையலை அறுத்தபோது, விலகிய துணியின் ஓரத்தில் தாள் ஒன்று தென்பட்டது.

அறுகோணத் துண்டுகளைத் தைப்போர், வடிவம் பிசகாதிருக்க, ஒவ்வொன்றுக்கும் உள்ளே அதே வடிவில் வெட்டிய தாளை வைத்துத் துணியை மடிப்பர். ஆறு பக்கங்களும் அடுத்த துண்டுகளோடு இணைந்தபின் தாளை உருவி எடுத்துவிடுவர். கடைசி வரிசையில் இணைப்பு முற்றுப்பெறாததால் தாள்கள் அப்படியே இருந்தன. அவர் தாளை இடுக்கியால் மெல்ல வெளியே இழுத்தார். பழுத்துப்போன அத்தாளில் பென்சிலால் எழுதிய கூட்டல் கணக்கு ஒன்று இருந்தது. குழந்தையின் கையெழுத்து. விடையின்மேல் ஆசிரியர் இட்ட சிவப்புக் குறி பாதியாக வெட்டுப்பட்டிருந்தது.

அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"வலப்பக்க மூலையில் ஒரு பூ சற்றுக் கோணலாக உள்ளது. அதைச் சரிசெய்யட்டுமா என்று கேட்கவே அழைத்தேன். உங்களைக் கேளாமல் மூன்று தையல்களைப் பிரித்துவிட்டேன், பொறுத்தருள வேண்டும்" என்றார்.

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

"நடுவில் பழுப்பு நிறமா?" என்று கேட்டது அம்முதிய குரல்.

"ஆம்."

"அது நான் தைத்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மஞ்சள் துணி தீர்ந்துவிட்டது என்று அப்பாவின் பழைய சட்டையிலிருந்து வெட்டினேன். அம்மா பிரித்துவிட்டுத் தாமே தைத்திருப்பார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்."

பிறகு அவர் மெல்ல மெல்லச் சொன்னார். அக்குளிர்காலத்தின் முடிவில் தந்தை நோயுற்றார். தாய் பகலில் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரவில் நோயாளியைக் கவனித்தார். அதன்பின் வீட்டில் யாரும் அத்துணியைப் பற்றிப் பேசவில்லை. தாள் பஞ்சமாக இருந்ததால் மகளின் கணக்கேடு அறுகோணங்களாயிற்று என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

"அப்படியே இருக்கட்டும்" என்றார் அவர். "அம்மா வைத்திருந்தபடியே இருக்கட்டும்."

நிறைவு

அறுத்த மூன்று தையல்களையும் நெப்ராஸ்காப் பெண்மணி கையாலேயே மீண்டும் இட்டார். ஒன்பது வயதுக் குழந்தையின் தையலைப் போலவே சற்று நீளமாக, சற்றுச் சாய்வாக. சீராகத் தைப்பதைவிட அவ்வாறு தைப்பது அவருக்குக் கடினமாக இருந்தது. கடைசி வரிசையின் தாள்களை ஒவ்வொன்றாக உருவி, ஓர் உறையில் இட்டு வைத்தார்.

பழந்துணியாதலால் நெருக்கமான தையலை அது தாங்காது என்று அவர் முடிவு செய்தார். மெல்லிய பருத்தி விரிப்பையும் நுண்ணிய நூலையும் தேர்ந்தார். ஒவ்வோர் இதழின் உள்ளேயும் ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டு ஒரு கோடு, அவ்வளவே. சிறு அளவுகோலை ஊசிக்கு அருகில் அணைத்தபடி, இதழ் இதழாகப் பொறியை நகர்த்தினார். கோணலான பூவை அடைந்தபோது துணி சுருங்கிய இடத்தில் விரல்களால் நீவிவிட்டு, அதன் கோணலையே பின்பற்றி ஊசியைச் செலுத்தினார். ஒன்பது நாள்கள் ஆயின. ஓரப்பட்டியை அறுகோண விளிம்புகளின் ஏற்ற இறக்கத்துக்கேற்பக் கையால் வைத்துத் தைக்க மேலும் ஒரு வாரம் ஆயிற்று.

போர்வையின் அடியில் தைப்பதற்காகச் சிறு வெள்ளைத் துணி ஒன்றில் விவரம் எழுதுவது மரபு. யார் தைத்தது, எந்த ஆண்டு, யாருக்காக என்பன அதில் இடம்பெறும். தாயின் பெயரை எழுதிவிட்டு, மகளின் பெயரையும் தைத்தவர் என்றே எழுதினார். தம் பெயரை எழுதத் தயங்கினார். மகளோ தொலைபேசியில் அதை வற்புறுத்தினார். "அம்மா தொடங்கினார், நான் ஒரு பூ வைத்தேன், நீங்கள் முடித்தீர்கள். மூவரும் இருக்க வேண்டும்" என்றார். அவ்வாறே மூன்றாவது பெயரும் சிறிய எழுத்துகளில் இடம்பெற்றது.

மார்ச்சுத் தொடக்கத்தில், வயல்களில் பனி உருகிக் கருநிலம் தெரியத் தொடங்கிய நாளில், போர்வையையும் உறையையும் பெட்டியில் வைத்துக் கட்டி அவரே அஞ்சலகத்துக்கு எடுத்துச் சென்றார். பற்றுச்சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். நிலவறையில் இரும்புச் சட்டம் வெறுமையாக நின்றது. அலமாரியில் அடுத்த துணி காத்திருந்தது. திருமணம் செய்யவிருக்கும் பேரனுக்காக ஒரு பாட்டி தைத்தனுப்பியது. அளவெடுக்காமல் வெட்டியதால் அதன் கரை அலை அலையாக நெளிந்திருந்தது.

அவர் கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு அதைப் பிரித்தார்.